பதினேழாம் அறைக்கு நான்கு பேர்

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்று பத்தொன்பது பேர் வந்தார்கள். தீபாவளி ஆர்டர் நெருக்கும் நேரத்தில் இது பெரிய கூட்டம்தான். பட்டாசு ஆலையிலிருந்து நேரே வந்த பெண்கள் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியிருந்தும் விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடி மினுங்கியது. வேதப் புத்தகத்தின் ஓரங்களிலெல்லாம் வெள்ளி ரேகை.

சபையின் வேத வாசிப்பு, பேச்சுப் பயிற்சியை ஒன்பது வருடமாக நடத்துகிறேன். வியாழன் மாலை ஆறரைக்குத் தொடக்கம். ஒருவருக்கு நான்கு நிமிடம். வாசிக்கலாம், அல்லது கொடுத்த தலைப்பில் பேசலாம். நேரம் முடிந்ததும் மேசை மணியைத் தட்டுவேன். வாக்கியம் பாதியில் நின்றாலும் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு சீட்டு எழுதிக் கொடுப்பேன்: குரல், நிறுத்தம், உச்சரிப்பு, கேட்பவர் முகம் பார்த்தல்.

இன்று பாக்கியத்தாய் முதல்முறையாக நான்கு நிமிடமும் நிற்காமல் வாசித்தாள். முப்பத்தாறு வயது. மூன்று வருடத்துக்கு முன் இந்த மண்டபத்துக்கு வந்தபோது அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. யோனா கப்பலேறும் அதிகாரத்தை விரலை வரிக்குக் கீழே ஓட்டியபடி வாசித்தாள். முன் வரிசையில் அவள் தங்கை சலோமியின் உதடுகளும் கூடவே அசைந்தன. முடிந்ததும் சலோமி கை தட்டிவிட்டாள். நம் சபையில் வாசிப்புக்குக் கை தட்டும் வழக்கமில்லை. தங்கையா அய்யா திரும்பிப் பார்த்தார். சீட்டில் 'மிக நன்று' என்று எழுதினேன். நான் அப்படி எழுதுவது அபூர்வம்.

தங்கையா அய்யா தலைமை மூப்பர். ஆலையின் மேனேஜரும் அவரே. நான் அவருக்குக் கீழே பதிவேடு எழுதும் ரைட்டர். "வாரமெல்லாம் அவுக சொல்றதுக்கு நீங்க தலையாட்டுங்க, வியாழக்கிழமை மட்டும் ஒங்க மணிக்கு அவுக அடங்கி உக்காரட்டும்" என்று ஜெபசெல்வி கேலி செய்வாள். மனைவியின் வாய்க்கு மணி கிடையாது.

ஆகஸ்ட் 4, வெள்ளி

வருகைப் பதிவேடு. முப்பத்திரண்டு அறை, சட்டப்படி அறைக்கு நான்கு பேருக்கு மேல் போகாமல் எழுதி முடித்தேன். சைக்கிள் பஞ்சர்.

ஆகஸ்ட் 10, வியாழன்

பதினான்கு பேர்தான். சலோமிக்கு முதல் பேச்சு. தலைப்பு: நோயுற்றவரைப் பார்க்கப் போனால் என்ன பேசுவது. ஒன்றரை நிமிடம் ஒழுங்காகப் பேசினாள். பிறகு மறந்துபோய், "அம்புட்டுத்தாண்ணே, மிச்சத்தக் காணோம்" என்று சிரித்து உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சீட்டில் 'தயாரிப்பு போதாது' என்று எழுதினேன்.

நாற்காலிகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, பதினேழாம் ரூம்ல நானும் அக்காவும் சேத்து ஏழு பேர் உக்காந்து மருந்து அடைக்கோம். மூச்சு முட்டுது. மருந்துக் குழாய் ஒண்ணோடொண்ணு இடிக்கிது. பெரியவுகட்ட நாங்க சொன்னா வேலைக்கு வராதன்னுருவாக. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே."

சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அய்யா லோடு விஷயமாகக் காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தார். நாளை பேசலாம்.

ஆகஸ்ட் 12, சனி

பகல் பதினொன்று நாற்பதுக்குப் பதினேழாம் அறை வெடித்தது. ஆறு பேர். சலோமியும். பாக்கியத்தாய் குழாய்களைக் காயவைக்க வெளி மேடைக்குப் போயிருந்ததால் பிழைத்தாள்.

வேறு எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அடக்கம். பெட்டிகளைத் திறக்கவில்லை. ஆறு பெட்டிகளும் மண்டபத்தில் வரிசையாக இருந்தன. பாக்கியத்தாய் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று ஒட்டியிருந்த பெயரை விரல் வைத்து வாசித்துக்கொண்டே போனாள். நான்காவதில் நின்றாள். என்னைப் பார்த்து, "இதுதானாண்ணே? நெசமா இதுதானா?" என்றாள். பெயர் ஒட்டியவர்களுக்கே நிச்சயம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன்.

சலோமிக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒன்பது வயது, ஆறு வயது. தகப்பன் போன வருடம் இறந்துவிட்டான். இப்போது பாக்கியத்தாயின் வீட்டில் இருக்கிறார்கள். அவளுக்கும் புருஷன் துணை இல்லை. திருப்பூருக்குப் போனவன் திரும்பவேயில்லை.

ஆகஸ்ட் 14, திங்கள்

ஆலைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். முதலாளி தலைமறைவு. போர்மேனைக் கைது செய்தார்கள். பதிவேடுகளைப் போலீஸ் எடுத்துப் போயிற்று.

மாலையில் தங்கையா அய்யா வீட்டுக்கு அழைத்தார். காபி கொடுத்தார். முகம் வீங்கியிருந்தது, அழுதிருப்பார் போல.

"பதினேழுக்கு நாலு பேரு, பதினெட்டுக்கு மூணு பேருன்னுதான தம்பி எழுதியிருக்க?"

"ஆமாய்யா."

"பின்ன ஒரே ரூம்ல ஆறு பேர் எப்படிச் செத்தாகன்னு கேப்பாக. பதினெட்டுல இருந்த மூணு பேரும் தாங்களா எந்திரிச்சுப் போயி அங்க உக்காந்துருக்காக. நமக்குத் தெரியாம." என் தோளில் கை வைத்தார். "பக்கத்துக்குப் பக்கம் ஓன் கையெழுத்துத்தான் இருக்கு. ஒனக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதேன்னுதான் நான் யோசிக்கேன்."

நல்ல மனிதர். என் திருமணத்தை நடத்தி வைத்தவர்.

ஆகஸ்ட் 17, வியாழன்

பயிற்சியை நிறுத்தவில்லை. எட்டுப் பேர் வந்தார்கள். இன்றைக்கு வாசிக்க வேண்டியவர்களில் இரண்டு பேர் உயிரோடு இல்லை. பட்டியலை மாற்ற எனக்குத் தோன்றவேயில்லை. முதல் பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் உறைத்தது. நானே எழுந்து அந்தப் பகுதியை வாசித்தேன்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

அய்யா இரண்டு பக்கம் தட்டச்சு செய்த வாக்குமூலம் கொண்டுவந்தார். பாக்கியத்தாய் சொல்வதாக எழுதியிருக்கிறது. அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது அவள் மட்டும்தான். அடுத்த மாதம் பதினான்காம் தேதி விசாரணை.

"வக்கீல் எழுதுனது. இத அவ அதிகாரி முன்னால வாசிக்கணும். தட்டுத் தடுமாறி வாசிச்சா, யாரும்மா எழுதிக் குடுத்தான்னு கேள்வி வரும். தன் வார்த்த மாதிரி வரணும். நீதான் பழக்கணும் தம்பி."

படித்துப் பார்த்தேன். சலோமி மற்ற அறைப் பெண்களைப் பேச்சுத் துணைக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்டதாகவும், எச்சரித்தும் கேளாமல் மருந்தை வேகமாக இடித்ததால் உராய்வு ஏற்பட்டதாகவும் இருந்தது.

"ஆல தொறந்தாத்தான் எரநூறு குடும்பத்துக்குச் சோறு. அந்தப் பிள்ளைகளுக்கும் நிவாரணம் தாமசமில்லாம வரும். செத்தவளுக்கு இனி என்ன கெடக்கு? அவ கர்த்தர்கிட்டப் போயிட்டா."

வாசிப்புப் பயிற்சிதானே. ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

பாக்கியத்தாய் வீட்டுக்குப் போனேன். குழந்தைகளை வெளியே விளையாட அனுப்பினாள். முதல் பக்கத்தை மெதுவாக வாசித்து முடிக்கக் கால் மணி நேரமானது. தாளைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இதுல உள்ளது எதுவும் நடக்கலையே."

தாளை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"பதினெட்டாம் ரூம்ல ஆளே கெடையாதே. ஆடி பொறந்ததுலருந்து பெட்டி அடுக்கி வச்சுப் பூட்டியில்ல கெடந்துச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?"

"கோர்ட்டு மாதிரி எடத்துல இதெல்லாம் ஒரு மொறைக்கு எழுதுறதும்மா" என்றேன். அப்படி ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"சலோமி ஒங்ககிட்டச் சொன்னேன்னாளே. ரூம்ல எடமில்லன்னு. அண்ணன் பேசுறேன்னாருக்கா, இனிமே ஆளக் கொறச்சுருவாகன்னு சந்தோசமா வந்தா."

இரண்டாவது பத்தியிலிருந்து மறுபடி வாசிக்கச் சொன்னேன்.

அவள் வெகுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்க் குழந்தைகளின் பள்ளிக்கூடப் பைகளை எடுத்து ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து தாளை எடுத்தாள். 'உராய்வு' என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஆகஸ்ட் 31, வியாழன்

கூட்டம் முடிந்தபின் மண்டபத்திலேயே பாக்கியத்தாய்க்குத் தனிப் பயிற்சி. முன்னேற்றம் இருக்கிறது. குரல் போதவில்லை. 'என் தங்கை' என்ற இடத்தில் தேவையற்ற நிறுத்தம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

சாப்பிடும்போது ஜெபசெல்வி கேட்டாள்: "பதினெட்டுல ஆள் இருந்துச்சா, இல்லையா?"

குழம்பில் உப்பு கூடியிருந்தது. அதைச் சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செப்டம்பர் 7, வியாழன்

'என் தங்கை சலோமி' என்பதை ஒரே மூச்சில் சொல்லப் பழக்கினேன். பதினொரு தடவை. கடைசியில், "இந்த எடத்துல மூச்சு விடாம இருந்தாப் போதுமாண்ணே?" என்று கேட்டாள். போதும் என்றேன்.

செப்டம்பர் 14, வியாழன்

தாலுகா அலுவலகம். மின்விசிறி ஓடவில்லை. விசாரணை அதிகாரி இளவயதுக்காரர், பொறுமையானவர். முதலில் என்னைக் கேட்டார்.

"இந்தப் பதிவேடு நீங்க எழுதுனதா?"

"ஆமா சார்."

"இதுல உள்ளபடிதான் ஆட்கள் உக்காந்திருந்தாங்களா?"

"ஆமா சார்."

அடுத்துப் பாக்கியத்தாய். எழுந்து நின்று இரண்டு பக்கத்தையும் வாசித்தாள். ஒரு தடங்கல் இல்லை. இடையிடையே நிமிர்ந்து அதிகாரியின் முகத்தையும் பார்த்தாள். ஒன்பது வருடத்தில் நான் பழக்கியவர்களில் இப்படி வாசித்தவர் எவரும் இல்லை.

"இது நீங்களா சொல்றதுதானம்மா? யாரும் சொல்லிக் கொடுக்கலையே?"

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாஞ் சொல்றதுதான் சார்."

வெளியே வந்ததும் தங்கையா அய்யா அவள் தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். ஆறரைக்குப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது.

செப்டம்பர் 16, சனி

செய்தித்தாளில் வந்துவிட்டது. 'பெண் தொழிலாளியின் அலட்சியமே காரணம்: சகோதரி வாக்குமூலம்.'

செப்டம்பர் 18, திங்கள்

இறந்த மற்ற ஐந்து பேரின் வீட்டார் பாக்கியத்தாய் வாசலுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு கிழவி மண்ணை வாரித் தூற்றிவிட்டு, "ஓந் தங்கச்சி எம் மகளக் கூப்புட்டு வச்சுக் கொன்னுட்டாளே!" என்று அழுதாளாம். பள்ளியில் பெரியவளோடு யாரும் உட்காருவதில்லை. சின்னவளிடம், உங்கம்மாதான் வெடியைக் கொளுத்திவிட்டாள் என்று சொல்லி அடித்திருக்கிறார்கள். கல்லறையில் வைத்திருந்த மரச் சிலுவையை யாரோ பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

ஜெபசெல்விதான் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "ஒங்களுக்குச் சோறு எறங்குதா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 21, வியாழன்

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பாக்கியத்தாய் ஆறு மணிக்கே வந்து தனக்கு இன்று வாசிப்பு வேண்டும் என்று கேட்டாள். கொடுத்தேன். முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தங்கையா அய்யா முதல் வரிசையில். அவள் நான்கு வசனம் வாசித்தாள். புத்தகத்தை மூடினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"சபையாரே, போன வியாழக்கிழம நான் அதிகாரிகிட்டப் பொய் சொன்னேன். எந் தங்கச்சி யாரையும் கூப்புடல. பதினேழாம் ரூம்ல ஏழு பேரு உக்காரணும்னு எங்களுக்கு உத்தரவு. பதினெட்டாம் ரூம் பூட்டிக் கெடந்துச்சு. சலோமி தப்புப் பண்ணல. அவ..."

அய்யா என் பக்கம் திரும்பி, "மணி" என்றார்.

நான்கு நிமிடம் ஆகியிருந்தது. மணியைத் தட்டினேன்.

அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பழக்கம். வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு போய் உட்கார்ந்தாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஜெபசெல்வி கேட்டாள்: "ரெண்டு நிமிசமாச்சும் ஆயிருக்குமாங்க?" என் கைக்கடிகாரம் சில நாளாக வேகமாக ஓடுகிறது. கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மூப்பர் குழுவின் தீர்மானம். சகோதரி பாக்கியத்தாய் சபையைக் கலங்கப்பண்ணியதால் ஒரு வருடம் சபைக்குள் வாய் திறக்கக் கூடாது. அவளோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது. தீர்மானத்தை வாசிக்க என்னைச் சொன்னார்கள். என் குரல் தெளிவாக இருக்கும் என்பதால்.

வாசித்தேன். கடைசி வரிசையில் அவள் இரு பக்கமும் குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் முடித்ததும் அவள் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து வேறு இடம் போனார்கள். நாற்காலிகள் இழுபடும் சத்தம் நிற்க வெகுநேரமானது.

நடுவில் ஜெபசெல்வி எழுந்தாள். வெளியே போகிறாள் என்று நினைத்தேன். கடைசி வரிசைக்குப் போய்ச் சின்னவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 26, செவ்வாய்

மத்தியானம் பாக்கியத்தாய் வீட்டுக்கு வந்தாள். ஜெபசெல்வி கதவைத் திறந்து உள்ளே உட்காரவைத்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

"வாசிக்க வருதுண்ணே, எழுத இன்னும் கோணக்கா மாணக்கான்னுதான் வருது" என்றாள் பாக்கியத்தாய். "நாஞ் சொல்லச் சொல்ல எழுதித் தாங்க. அதிகாரிகிட்டக் குடுக்கணும். வேற யாருகிட்டப் போவேன், எல்லாருக்கும் வாயக் கட்டியாச்சே."

அவளுடைய வாயைக் கட்டும் தீர்மானத்தை வாசித்தவனிடமே கேட்கிறாள். குத்திக் காட்டவில்லை. எழுதத் தெரிந்த ஆள் என்று வந்திருக்கிறாள்.

தாளும் பேனாவும் ஜெபசெல்வி கொண்டுவந்து வைத்தாள். அவள் சொல்ல, நான் எழுதினேன். ஆடி மாதத்திலிருந்து ஏழு பேர் உட்கார்ந்தது. பதினெட்டாம் அறையில் பெட்டி அடுக்கியது. ஏழு பேரின் பெயர். மேனேஜர் கொடுத்தனுப்பிய இரண்டு பக்கத் தாள். எல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் தலை நிமிரவில்லை. பிறகு சொன்னாள்:

"ரூமுக்கு நாலு பேருன்னு பொய்யா எழுதுனது ரைட்டர் தனசிங்."

பேனா நின்றுவிட்டது.

அவள் அவசரப்படுத்தவில்லை. வெளியே தண்ணீர் லாரி வந்து, குடங்கள் மோதும் சத்தம் கேட்டது. அது போன பிறகும் நான் எழுதாமல் இருந்தேன். ஜெபசெல்வி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கும் தெரியும்ணே, ஒங்களுக்கு என்ன ஆகும்னு" என்றாள் பாக்கியத்தாய். "எனக்கும் அதான் ஆகும். பொய்ச் சாட்சி சொன்னதுக்கு என்னையும் விட மாட்டாக. அந்தப் பிள்ளைக வளந்து, எங்கம்மாவ இப்படிச் சொன்னீகளேன்னு கேட்டா, நான் எந்தத் தாள எடுத்துக் காட்ட? எழுதுங்கண்ணே."

எழுதினேன். ரூமுக்கு நாலு பேருன்னு பொய்யா எழுதுனது ரைட்டர் தனசிங். அவள் சொன்னபடியே.

அதற்குக் கீழே அவள் சொல்லாத ஒரு வரியும் சேர்த்தேன். சலோமி முன்கூட்டியே என்னிடம் முறையிட்டாள், நான் யாரிடமும் சொல்லவில்லை என்று. முடித்ததும் வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தாளை வாங்கிக்கொண்டாள். என் கையெழுத்து அவளுக்குப் பழக்கம்தான். ஆனாலும் விரல் வைத்துத்தான் வாசித்தாள். பல இடங்களில் தடுமாறினாள். ஒவ்வொரு பெயரிலும் நின்றாள். தங்கையின் பெயரில் நின்று அழுதாள். அடக்கம் அன்றுகூட அவள் அழுது நான் பார்க்கவில்லை. நான் எங்கும் திருத்தவில்லை.

கடைசி வரிக்கு வந்ததும் இரண்டு முறை வாசித்தாள். தாளை மடித்து வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 28, வியாழன்

நேற்று இருவரும் போய் மனுவைக் கொடுத்தோம். அதிகாரி இரண்டு வாக்குமூலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். "முன்னாடி சொன்னது பொய்யின்னா அதுவே குத்தம், தெரியுமாம்மா?" என்றார். "தெரியும் சார்" என்றாள். எனக்கு நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லி உத்தரவு. வக்கீல் இருந்தால் கூட்டிக்கொண்டு வரலாமாம்.

பஸ்ஸில் வரும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "என்னைய உள்ள வச்சுட்டா மதினி பிள்ளைகளப் பாத்துக்கிருவாகளாண்ணே?" பார்த்துக்கொள்வாள் என்றேன்.

காலையில் தங்கையா அய்யா ஆள் விட்டிருந்தார். போகவில்லை. இன்றைய பயிற்சியை அவரே நடத்துகிறாராம்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஜெபசெல்வி இரண்டு குழந்தைகளையும் இங்கேயே கூட்டிவந்துவிட்டாள். பெரியவள் வீட்டுப்பாடம் எழுதினாள். சின்னவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கன்னத்தில் பள்ளியில் பட்ட நகக்கீறல் இன்னும் ஆறவில்லை.

"மாமா, எங்கம்மாவாலதான் வெடிச்சிச்சா?"

"இல்லம்மா."

"அப்ப யாரால?"

பெரியவளும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். நான் நாற்காலியை விட்டு இறங்கி, அவர்கள் எதிரே தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.